அரக்கு வைத்த எண்ணெய்

உமேஷுக்கு மனிதர்களைக் கண்டாலே இளக்காரம். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சாயக்காரச் சந்து என்று ஒரு குறுகலான தெரு. அந்தத் தெருவில் கல்யாணமோ காதுகுத்தோ, எதுவானாலும் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் அவனுடையவைதான். விளக்குப் போடுகிறவன் வெளிச்சத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் பார்ப்பதில்லை, அவன் எல்லோரையும் பார்ப்பான். இரவல் ஒட்டியாணத்தைக் காட்டவும் கூசி, மறைக்கவும் மனமில்லாமல் தவிக்கிற சம்பந்தியம்மாளைப் பார்ப்பான். மேடையில் அண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டு, கீழே இறங்கியதும் அதே அண்ணனைப் பற்றிக் கதை அளக்கிற தம்பியைப் பார்ப்பான். வருஷக் கணக்காக இதையே பார்த்துப் பார்த்து, ஜனங்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அவனுக்குப் போய்விட்டது.

அதிலும் சௌரிராஜன் என்றால் குமட்டிக்கொண்டு வரும். சௌரிராஜன் அந்தச் சந்தின் பஜனை மடத்துக்குத் தலைவர். 'சுத்த சைவம்' என்று வீட்டு வாசலை விடப் பெரிய போர்டு மாட்டிய மெஸ்ஸுக்கும் முதலாளி. தெருவில் எந்த விசேஷமானாலும் பந்தி அவருடையது. புரட்டாசி மாதம் முழுக்க மடத்தில் நடக்கிற அன்னதானமும் அவர் அடுப்பிலிருந்துதான் வரும். இதெல்லாம் போதாதென்று அவருக்கு ஒரு மூக்கு இருந்தது. "முட்டை தின்னவன் சந்து முனையில வந்தாலே எனக்குத் தெரிஞ்சிரும்" என்று சொல்லிக்கொள்வார். சொல்வதோடு விடாமல், பந்தியில் உட்கார வருகிற இளவட்டங்களின் தோளில் கைபோட்டு, வாத்சல்யமாக அணைக்கிற மாதிரி முகர்ந்து பார்ப்பார். உமேஷையும் இரண்டு முறை முகர்ந்திருக்கிறார். இரண்டு முறையும் அவன் அரை மணிக்கு முன்னால்தான் பைபாஸ் ரோட்டில் ஆம்லெட் தின்றுவிட்டு வந்திருந்தான். மூக்கு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வரும்.

தெருவில் அவன் மட்டமாக நினைக்காத ஆள் ஒருத்திதான். ஹம்சவேணி. தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பஜனைக் கோஷ்டியில் முதல் குரல் அவளுடையது. தனிக்கட்டை. யாரைப் பற்றியும் பின்னால் பேசமாட்டாள், முன்னாலும் அதிகம் பேசமாட்டாள். புரட்டாசி பிறந்துவிட்டால் ஒருவேளைச் சாப்பாடு. அதுவும் மடத்துப் பிரசாதம் மட்டும். அவள் பாடும்போது மட்டும் உமேஷ் ஜெனரேட்டர் சத்தத்தைச் சபித்துக்கொண்டு, இரண்டு கோணிச்சாக்கை நனைத்து அதன் மேல் போடுவான்.

கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் சப்பரத்தில் ஏறித் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவார். அந்தச் சப்பரத்துக்கு விளக்குப் போடுவது உமேஷின் குடும்பத்துக்கு உள்ள உரிமை. அவனுக்குப் பெருமாள் மேல் பெரிய பக்தி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு நாள் வெளிச்சம் கைவிட்டுப் போனால், தெருவின் மற்ற விசேஷங்களும் அடுத்தடுத்துக் கைவிட்டுப் போகும். மடமே வேண்டாமென்ற ஆளை வீட்டுக்குக் கூப்பிட எவனுக்கும் தைரியம் வராது. இது அவனுக்கும் தெரியும், சௌரிராஜனுக்கும் தெரியும்.

அந்த வருஷம் மடத்துக் கூட்டத்தில் உமேஷ் வாயைத் திறந்தான். "டீசல் என்ன வெலை விக்கிதுன்னு தெரியுமா மாமா? போன வருஷம் குடுத்ததுக்கு இந்த வருஷம் லைட்டு போட முடியாது."

சௌரிராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ எதுக்குடா டீசல் வெலையப் பத்திப் பேசுற? நீதான் டீசலச் சட்டியில காய்ச்சுறியாமே? பரோட்டாக் கடையில மிஞ்சுன எண்ணெய டின்னு டின்னா அள்ளிட்டுப் போறியாம். ஊரே பேசிக்கிருக்கு."

பேச்சு உண்மைதான். கீழக்குயில்குடியில், மலையடிவாரத்தில், அவன் கூட்டாளி ராம்கி லைசென்ஸ் வாங்கி, பெயின்டில் கலக்கிற தின்னர் தயாரிக்கிற ஒரு ஷெட் வைத்திருந்தான். அந்த ஷெட்டின் ஒரு மூலையில்தான் உமேஷ் டீசல் காய்ச்சினான். காய்லாங்கடையில் எடுத்த பழைய கீசர் டாங்கி, கலக்குவதற்கு ஓடாத வாஷிங்மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார், வடிகட்ட நாலாக மடித்த பழைய வேட்டி. எண்ணெயை வடித்துச் சூடு பண்ணித் தண்ணீரைப் போக்க வேண்டும். மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றிக் கலக்க வேண்டும். அப்படியே விட்டால் அடியில் பழுப்பு நிறக் கசடு இறங்கும். மேலே தெளிவாக நிற்பதுதான் சரக்கு. அதை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் ஜெனரேட்டர் குடித்துக்கொள்ளும். காஸ்டிக் எவ்வளவு போடுவது என்பதில்தான் சூட்சுமம். அதைச் சோதிக்கிற மருந்து விலை அதிகம் என்று அவன் மஞ்சள் தூளைக் கரைத்து வைத்துக்கொண்டான். அளவு கூடினால் மஞ்சள், ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துவிடும். முதல் தடவை எண்ணெயில் ஈரம் இருந்தது தெரியாமல் ஊற்றி, டாங்கி முழுக்கச் சோப்பாக உறைந்துபோனது. ராம்கி ஒரு வாரம் அதைப் போட்டுத்தான் கைகழுவினான். அதற்கப்புறம் கை பழகிவிட்டது.

"பெருமாளுக்கு எரியிற லைட்டு கறி வறுத்த எண்ணெயிலயா எரியிறது? நீங்களே சொல்லுங்க" என்று சௌரிராஜன் கூட்டத்தைப் பார்த்தார்.

கூட்டம் 'ச்சீ' கொட்டியது. அதில் பாதிப் பேரை உமேஷ் கோரிப்பாளையத்துப் பிரியாணிக் கடைகளில் பார்த்திருக்கிறான். அவர்களும் அவனைப் பார்த்திருக்கிறார்கள். எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தெரியாத மாதிரி எலும்பு கடித்தவர்கள்தான் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு முகம் சுளித்தார்கள். இந்த மூஞ்சிகளுக்கு வெளிச்சம் ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டான்.

"பங்க்குல டீசல் வாங்கியே ஊத்துறேன்" என்றான்.

"நீ எதை ஊத்துறன்னு எவன் கண்டான்? அந்த டாங்கிக்குள்ள நான் தலைய விட்டா பாக்க முடியும்?" என்றார் சௌரிராஜன். அவருடைய மகன் சாய்பிரசாத், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "திருமங்கலத்துல ஒரு ஈவென்ட் பார்ட்டி இருக்குப்பா. எல்லாம் எல்.ஈ.டி. சொன்னா வந்துருவாங்க" என்றான். அவனுக்கு இந்த உலகத்தில் எல்லாமே சொன்னால் வந்துவிடும்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஹம்சவேணி பேசினாள். "லைட்டு உமேஷோடதுதான். அதுல பேச்சே வேண்டாம். எண்ணெய்தான பிரச்சனை? உங்க மெஸ்ஸுல வடை சுட்ட எண்ணெய் மிஞ்சாதா? அதக் குடுங்க. அவன் அதுல காய்ச்சிக்கிரட்டும். சாமி காரியமும் ஆச்சு, டீசல் செலவும் மிச்சம்."

சௌரிராஜனின் முகம் மலர்ந்தது. உமேஷுக்கு அந்த மலர்ச்சியின் காரணம் பச்சையாகத் தெரிந்தது. கழிவு எண்ணெய் கழிந்த மாதிரியும் ஆயிற்று, கைங்கரியம் செய்த பெயரும் கிடைத்தாயிற்று.

மறுநாள் மடத்து வாசலில் அந்தக் கூத்து நடந்தது. நாலு எண்ணெய் டின்களை வரிசையாக வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, வாயைத் துணியால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, மடத்து முத்திரையைச் சௌரிராஜன் தம் கையால் அழுத்தினார். மைக் வேறு. "இது எங்க அடுப்பு எண்ணெய். இதுல அவன் ஒரு சொட்டு வெளி எண்ணெய் கலந்தாலும் இந்த மூக்குக்குத் தெரிஞ்சிரும்" என்றார். கைதட்டல். அதே கையோடு சப்பரத்தில் கட்டுவதற்கு ஒரு பேனரும் அடித்தாயிற்று: 'ஒளி உபயம், சௌரிராஜன் குடும்பத்தார்'. விளக்கு உமேஷுடையது, வண்டி உமேஷுடையது, காய்ச்சுகிற உழைப்பு உமேஷுடையது. வடைச்சட்டியில் மிஞ்சியது மட்டும் அவர்களுடையது.

டின்களை ஏற்ற அவன் தன் குட்டியானை லோடு வண்டியை மெஸ்ஸின் பின்சந்துக்குக் கொண்டுபோனான். அங்கே சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்கள் கலர் கலரான சட்டையில், முதுகில் பெட்டியோடு, பைக்கில் காத்திருந்தார்கள். பின் ஜன்னல் வழியாகச் சாய்பிரசாத் பார்சல்களை நீட்டிக்கொண்டிருந்தான். உமேஷைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தினான். தயிர்சாதத்தைக்கூட போனில் ஆர்டர் போட்டுத் தின்கிற சோம்பேறிகள் மதுரையில் இம்புட்டுப் பேர் இருக்கிறார்களா என்று உமேஷ் மனசுக்குள் துப்பினான். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. எல்லோரையும் மட்டம் தட்டியே பழகியவனுக்கு அதில் ஒரு வசதி. ஒரு காரணம் கிடைத்ததும் மனசு அதோடு நின்றுவிடும்.

கீழக்குயில்குடி ஷெட்டில் முதல் டின்னின் அரக்கை உடைத்து எண்ணெயை டாங்கியில் ஊற்றிச் சூடு பண்ணினார்கள். கொஞ்ச நேரத்தில் ராம்கி மூக்கை உறிஞ்சினான்.

"மாப்ள, எனக்குப் பசிக்கிது."

"இப்பத்தானடா சாப்ட்ட?"

"அதான் எனக்கும் புரியல." ராம்கி டாங்கிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். அப்படியே நிமிர்ந்து உமேஷைப் பார்த்தான். "டேய், இது சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ்டா. நான் புரட்டாசிக்கு வாயக் கட்டிக்கிட்டு கெடக்கேன். என்னைய ஏன்டா இப்படிச் சோதிக்கிற?"

உமேஷும் குனிந்தான். சந்தேகமே இல்லை. இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், எல்லாவற்றுக்கும் அடியில் கோழி. அடுத்த டின்னை உடைத்து வேட்டித்துணியில் வடித்தான். துணியில் கருகிய கறிவேப்பிலையும், சிவந்த பொரிமாவும், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு எலும்பும் தங்கின. பின்சந்து, ஜன்னல், பெட்டிச் சுமையோடு நின்ற பையன்கள் எல்லாம் இப்போதுதான் அவனுக்குப் பொருந்தி வந்தன. ராம்கி தன் போனில் சாப்பாடு ஆர்டர் போடுகிற ஆப்பைத் தட்டிவிட்டு நீட்டினான். ஏதோ ஒரு பெயரில் ஒரு சிக்கன் கடை. விலாசம் மட்டும் சுத்த சைவ மெஸ்ஸின் பின்சந்து. அப்பன் முன்வாசலில் மோந்து பார்க்கிறான், மகன் பின்வாசலில் பொரித்து விற்கிறான். அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று, எண்ணெயும் ஒன்று.

உமேஷ் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்து ரொம்ப நாளாயிற்று.

"ரெண்டு தடவ நல்லாக் கழுவிருவோம் மாப்ள. பாதி வாடை போயிரும். மிச்சத்துக்குப் பங்க் டீசலக் கலந்துக்க. ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான் ராம்கி.

"கழுவ வேண்டாம்."

"என்ன சொல்ற?"

"காய்ச்சவே வேண்டாம்டா. வெறுமன வடிகட்டு. கொஞ்சமா டீசல் சேத்து அப்படியே ஊத்துறேன். அந்தாளு மூக்குக்கு நேரா விடுறேன் பொகைய."

"இன்ஜெக்டர் அடைச்சுக்கிரும்டா. ஜெனரேட்டரு நாசமாப் போகும்."

"போனா போகுது."

ராம்கி வடிகட்டுகிற துணியைக் கீழே போட்டான். "நீ லைட்டு போடப் போறியா, இல்ல சண்டைக்குப் போறியா?" என்று கேட்டான். உமேஷ் டாங்கியின் சூட்டை நிறுத்தினான். ஒரு டின்னை மட்டும் அரக்கு உடைக்காமல் வண்டியில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான். பழி அவன் மேல்தான் முதலில் வரும். அப்போது அந்த டின் பேசும், தான் பேச வேண்டியதில்லை என்று நினைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. முன்னால் மேளம், அடுத்து பேட்டரி மைக்கோடு பஜனைக் கோஷ்டி, நடுவில் பெருமாள், பின்னால் குட்டியானையில் ஜெனரேட்டர். சௌரிராஜன் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு சப்பரத்தின் வடத்தைத் தொட்டும் தொடாமலும் நடந்தார். புகைப்படக்காரன் எதிரில் வரும்போது மட்டும் தொட்டார். உமேஷ் ஜெனரேட்டரை முடுக்கினான். அது இருமி, கருப்பாகக் கொஞ்சம் கக்கி, பிறகு ஓடத் தொடங்கியது. விளக்குகள் எரிந்தன. மேற்குக் காற்று பின்னாலிருந்து வீசி, புகையைக் கூட்டத்தின் மேலேயே தள்ளியது. உமேஷ் காற்றுக்கு நன்றி சொன்னான்.

முதலில் கண்டுபிடித்தவை நாய்கள். சந்து முனையில் ஒன்று சேர்ந்தது, குளத்தங்கரை திரும்புவதற்குள் ஐந்தாறு ஆகிவிட்டன. கோவில் ஊர்வலத்தில் வருகிற பக்தர்களைப் போல வண்டிக்குப் பின்னால் ஒழுங்காக நடந்து வந்தன. அப்புறம் ஜனங்களின் மூக்குகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், உடனே பார்வையை விலக்கினார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கருகில் கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஒருவரும் சொல்லவில்லை. தனக்கு அந்த வாசனை தெரியும் என்று ஒப்புக்கொள்ள எவன் முன்வருவான்?

கடைசியில் வெளியாள்தான் சொன்னான். குளத்துப் படித்துறை ஓரமாக நின்ற ஒருவன், தெருவுக்குச் சம்பந்தமே இல்லாதவன், வண்டிக்குப் பக்கத்தில் வந்து நல்ல சத்தமாகக் கேட்டான்: "அண்ணே, பின்னாடி கடை ஏதும் போட்டு வாரீகளா? சிக்கன் ஒரு பிளேட்டு எம்புட்டு?"

மேளம் நின்றது. சப்பரம் நின்றது. பஜனை நடுவரியில் நின்றது.

"டேய் உமேஷு!" என்று சௌரிராஜன் கத்திக்கொண்டு வந்தார். "என்னடா ஊத்துன? எந்தக் கடை எண்ணெய்டா இது? பெருமாள் வாரப்ப இந்த நாத்தத்தக் கொண்டு வந்திருக்கியே, நீ வெளங்குவியா? இன்னையோட உனக்கும் இந்த மடத்துக்கும் சரி!" கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. அயோக்கியன், துரோகி என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எவன் மேல் கோபப்படலாம் என்று தெரிந்த பிறகு கோபப்படுவது எல்லோருக்கும் சுலபம்.

உமேஷ் அவசரப்படவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினான். பேட்டரி விளக்கைப் போட்டான். அரக்கு உடையாத டின்னைத் தூக்கிவந்து சௌரிராஜனின் காலடியில் வைத்தான்.

"உங்க முத்திரைதான மாமா? நல்லாப் பாத்துக்கங்க. ஒடையல, ஒண்ணும் இல்ல. உங்க கையாலயே ஒடைங்க. நான் தொட மாட்டேன்."

சௌரிராஜன் உடைத்தார். துணியை விலக்கினார். விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் சிவப்பாக மின்னியது. மேலே கறிவேப்பிலை மிதந்தது. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, ஒரு எலும்பும் மிதந்தது. அவர் நிமிர்ந்து மகனைத் தேடினார். சாய்பிரசாத் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் போன் அணைந்திருந்தது. சௌரிராஜனின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போனதை உமேஷ் ஆற அமரப் பார்த்தான். கிழவருக்கு நிஜமாகவே தெரியாது என்று புரிந்தது. அதனால் அவனுக்குப் பரிதாபம் ஒன்றும் வரவில்லை. தன் அடுப்பில் வேகிற கோழியைக் கண்டுபிடிக்காத மூக்கு அடுத்தவன் தோளில் என்ன தேடியது?

இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தான். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் முகத்தில் அவன் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. வேறு ஏதோ ஓடியது. ஒவ்வொருவரும் மனசுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். போன மாசம் நடந்த கல்யாணப் பந்தி. மகனின் பூணூல் விருந்து. அப்பாவின் திதிச் சாப்பாடு. இன்று மத்தியானம் மடத்தில் தின்ற வடை. எல்லாம் இந்த அடுப்பு, இந்தச் சட்டி. இது சிக்கன் என்றால் அது என்ன?

"மசால் வடைக்கு இப்படித்தான் வாசனை வரும்" என்றார் ஒருவர் மெதுவாக.

"மொளகாத்தூள் கூட விழுந்திருக்கும்" என்றார் இன்னொருவர்.

"எலும்பு கெடக்கே, கண்ணு தெரியலயா?" என்று உமேஷ் கத்தினான்.

சௌரிராஜன் குனிந்தார். ஊர் புகழ்ந்த மூக்கை டின்னுக்குள் விட்டு நீளமாக இழுத்தார். நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "கறிவேப்பில வாசன. நல்ல கறிவேப்பில. எலும்பு என்னடா எலும்பு, அது முருங்கக்கா."

"முருங்கக்காதான்" என்றது கூட்டம். எங்கே ஒரு வழி கிடைக்கும் என்று காத்திருந்த மாதிரி எல்லோரும் அதற்குள் பாய்ந்தார்கள். பின்னால் நின்று எதையும் பார்க்காதவர்கள்கூட முருங்கைக்காய் என்று தலையாட்டினார்கள். உமேஷ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இதைவிடக் கேவலமாக ஒரு கூட்டம் இருக்க முடியுமா? இன்னொரு டின் இருந்திருந்தால் அதையும் இவர்கள் தலையில் கவிழ்த்திருப்பான். எலும்பை எடுத்து மைக்கில் தட்டிக் காட்டலாமா என்று கையை நீட்டினான்.

அப்போது பஜனைக் கோஷ்டி விலகி வழிவிட, ஹம்சவேணி வந்தாள்.

ஜால்ராவைக் கையில் பிடித்தபடி டின்னுக்குள் பார்த்தாள். மற்றவர்களைப் போலச் சட்டென்று முகத்தைத் திருப்பவில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாள். இந்த ஒரு மாதமாக அந்த அடுப்பில் வெந்ததைத் தவிர வேறு எதுவும் அவள் வாயில் பட்டதில்லை. போன புரட்டாசியும் அப்படித்தான். அவள் நிமிர்ந்து உமேஷைப் பார்த்தபோது, ஜால்ராவின் இரண்டு தட்டுகளும் லேசாக ஒன்றோடொன்று மோதி ஒலித்துக்கொண்டிருந்தன. அவள் வேண்டுமென்று தட்டவில்லை.

"உமேஷு" என்றாள். "நீதான காய்ச்சுன. உனக்குத் தெரியாதது இல்ல. நீ சொல்லு. இது வடை சுட்ட எண்ணெய்தான?"

கூட்டம் அவன் வாயைப் பார்த்தது. சௌரிராஜனும் பார்த்தார். அவர்களெல்லாம் பார்த்தது அவனுக்குப் பொருட்டே இல்லை. ஹம்சவேணியின் கண் அவனிடம் கெஞ்சியது. இந்தத் தெருவில் தனக்காகப் பேசிய ஒரே வாய் அது. அந்த எண்ணெயை வாங்கச் சொன்னதும் அந்த வாய்தான். யாரையோ குறிவைத்து யார் தலையில் போட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஷெட்டில் சிரித்தபோது இவள் முகம் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அவமானத்தில் அவன் காது சூடானது.

"வடை எண்ணெய்தான் பெரியம்மா" என்றான்.

"சத்தமாச் சொல்லு."

"வடை எண்ணெய்தான்!"

கூட்டம் மூச்சு விட்டது. சௌரிராஜனுக்கு நாக்கு திரும்பி வந்தது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "நம்ம உமேஷ் தம்பி வருஷா வருஷம் நம்ம மெஸ் எண்ணெயிலதான் பெருமாளுக்கு லைட்டு போடுவாரு. இனிமே இந்த ஒரிமைய அவருட்ட இருந்து யாரும் புடுங்க முடியாது!" யாரோ ஒரு துண்டைக் கொண்டுவந்து உமேஷின் தோளில் போர்த்தினார்கள். அவனுக்கு வேண்டியிருந்த உரிமை கிடைத்துவிட்டது. திருமங்கலத்து எல்.ஈ.டி. இனி வராது. எந்த விசேஷமானாலும் ஜெனரேட்டர் அவனுடையதுதான், எண்ணெய் அவர்களுடையதுதான்.

ஜெனரேட்டரை மறுபடி முடுக்கினான். அது அதே புகையைக் கக்கியது. ஜனங்கள் ஆழமாக மூச்சிழுத்து, தெம்பாக நடந்தார்கள். நாய்களும் வந்தன. ஒருவரும் அவற்றைத் துரத்தவில்லை. துரத்தினால் ஏன் வந்தன என்று யாராவது கேட்பார்கள். இன்ஜெக்டர் அடைக்கும் என்று ராம்கி சொன்னானே, இப்போதாவது அடைத்துத் தொலையக்கூடாதா என்று உமேஷ் வேண்டிக்கொண்டான். பாழாய்ப்போன இயந்திரம் கடைசி வரை ஒரு பிசிறில்லாமல் ஓடியது.

மடத்து வாசலில் சப்பரம் இறங்கியதும் பிரசாதத் தட்டு வந்தது. சூடான மெதுவடை. தட்டு நீட்டியவர்கள் முன்னால் எல்லோரும் ஒரு கணம் தயங்கி நின்றார்கள். ஹம்சவேணி முன்னால் வந்து ஒன்றை எடுத்தாள். இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மறுபாதியை உமேஷிடம் நீட்டினாள்.

எப்போதும் விளக்குக்குப் பின்னால் இருக்கிறவன் அன்று விளக்குக்கு முன்னால் நின்றான். தெரு முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கித் தின்றான். அதைப் பார்த்த பிறகு எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

சௌரிராஜன் பக்கத்தில் வந்து, தோளில் கைபோட்டு, வழக்கம் போல அணைத்தார். இந்தத் தடவை முகரவில்லை.

"இன்னொண்ணு எடுத்துக்க தம்பி" என்றார்.

உமேஷ் எடுத்துக்கொண்டான்.